முதுசப் பெட்டகமும் முதலீடும்

நெல்லியடிச் சந்தியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே ஒரு பழைய நாற்சார் வீட்டை மனத்திற் கொள்ளலாம். வீட்டின் உள்ளறையிற் சுவரோடு சாத்தியபடி ஓராள் நீளத்தில் ஒரு பெட்டகம் இருக்கின்றது. ஒருகாலத்தில் அதனுள்ளே பித்தளைக் குடங்களும் கூறைச் சேலைகளும் காணி உறுதிகளும் இருந்தன. இன்று பழைய பத்திரிகைகளும் கிழிந்த பாய்களுமே கிடக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். வீட்டில் முதியவர் இருவர் மட்டுமே. ஒருநாட் காலை சிறு லொறியொன்று படலையடியில் வந்து நிற்கின்றது. "பழைய சாமான் ஏதும் கிடக்கோ ஐயா? கறையான் அரிக்க முந்தித் தந்தியளெண்டால் நல்ல விலை போட்டுத் தரலாம்" என்கிறார் வந்தவர். கால்மணி நேரத்திற் பேச்சு முடிந்துவிடுகின்றது. மூன்று தலைமுறை காத்து வைத்த பெட்டகம் லொறியில் ஏறிவிடுகின்றது. பெற்ற விலை நியாயமானதா என்பதை விற்றவர் அறியார்.

இதற்கு மறுபுறத்தில் இன்னொரு நிலைமை உண்டு. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். வங்கியில் வைத்த பணம் எண்ணளவிற் குறையாமலே மதிப்பிற் குறைந்துபோனதைக் கண்டவர்கள், பணத்தைப் பொருளாக மாற்றி வைத்தால் என்ன என்று சிந்திக்கத் தலைப்பட்டனர். பொன்னும் காணியும் எட்டாத விலைக்கு ஏறவே, பழைய கதிரைகளும் அலுமாரிகளும் மேசைகளும் சிலருக்கு முதலீடாகத் தோன்றின. பழையது நாட்செல்ல நாட்செல்ல விலை ஏறத்தானே செய்யும் என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்தவரின் வழக்கிலேயே இதற்கு ஏற்ற அளவுகோல் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகின்றது. முன்னோர் வழி வந்தது முதுசம். தன் முயற்சியாற் சேர்த்தது தேட்டம். பழைய தளபாடத்தைப் பற்றி எண்ணும்போதும் இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காண்டல் வேண்டும். முதுசமாக வீட்டிலிருக்கும் பெட்டகத்தைப் பற்றிய கேள்வி ஒன்று. அத்தகைய பெட்டகத்தைத் தேட்டமாக விலை கொடுத்து வாங்குவது பற்றிய கேள்வி வேறு. இரண்டிற்கும் ஒரே விடை கூறுவதனாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

முதலில், இப்பொருள்கள் எங்ஙனம் நம்மிடையே வந்தன என்பதை நோக்கலாம். தளபாடத்தின் பெயர்களே அதன் வரலாற்றை உரைக்கின்றன. பெட்டகம், கட்டில், ஊஞ்சல், பாய் என்பன தமிழ்ச்சொற்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்பனவோ போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்துச் சொல்லின் திரிபு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். 1795இற் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. நிலத்திலும் திண்ணையிலும் அமர்ந்து பழகிய மக்களிடையே, உயர்ந்த இருக்கையில் அமர்வது முதலில் அதிகாரத்தின் அடையாளமாகவே வந்தது. பின்னர் அது பாடசாலைக்கும் கந்தோருக்கும் பரவி, ஈற்றில் வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையாக அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் நாடிச் சென்றவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள், இத்தகைய கதிரைகளுக்கும் கண்ணாடி அலுமாரிகளுக்கும் இடமளித்தன.

மரத்திற்கும் குறைவிருக்கவில்லை. வன்னிக் காடுகளிலிருந்து முதிரையும் பாலையும் கருங்காலியும் வந்தன. வீட்டு வளவிலே பலாவும் வேம்பும் நின்றன. முதிரை பொன்னிறமான பளபளப்பு உடையது. கருங்காலி இரும்பை ஒத்த வன்மையுடையது. உளியின் கூரை மழுங்கச் செய்யும். தென்னிலங்கையின் ஈரக்காடுகளில் மட்டும் வளரும், சிங்களத்திற் களுமெதிரிய எனப்படும் மரம், கபில நிறத்திற் கரிய வரியோடிய அழகினாலேயே அழிவுக்குள்ளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெருமரங்கள் அருகிவிட்டன. வடமராட்சித் தச்சரின் கைத்திறனுக்குச் சான்று ஒன்று போதும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், சமுத்திரங்களைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கைகள் வாழ்ந்த ஊர்களிலே கதிரையும் பெட்டகமும் செவ்வனே அமைந்ததில் வியப்பில்லை.

இனி, ஒரு பொருள் உண்மையிலே பழையதுதானா என்று அறிவது எப்படி? கண்ணுக்குத் தோன்றும் முகப்பைப் பார்ப்பதை விட்டு, மறைந்திருக்கும் பகுதிகளைப் பார்த்தல் வேண்டும். லாச்சியை வெளியே இழுத்து அதன் அடிப்பலகையைத் தடவிப் பார்க்கலாம். கைவாளால் அறுத்த பலகையில் நேரான, ஆயின் ஒழுங்கற்ற கீறல்கள் இருக்கும். இயந்திர வட்டவாளால் அறுத்ததில் வில் போன்ற வளைவுக் கீறல்கள் தோன்றும். பழைய தச்சர் ஒரு பலகையின் நாக்கை மற்றதன் துளையுட் செலுத்தி, மர ஆணியால் இறுக்கினர். திருகாணி இருப்பின் அதன் நுனியைக் காண்க: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னர்த் திருகாணிகள் மொட்டை நுனியுடனேயே செய்யப்பட்டன. வட்டமேசையை நூல் கொண்டு அளந்து பார்த்தலும் நன்று. மரம் தன் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சுருங்கும் இயல்புடையது. ஆதலால் மிகப் பழைய வட்டமேசை சிறிது நீள்வட்டமாகியிருக்கும். தேய்வும் உண்மை பேசும். கதிரையின் கைப்பிடி நுனியும் குறுக்குச் சட்டமும் மனிதர் கையும் காலும் பட்ட இடத்திலேயே தேய்ந்திருத்தல் வேண்டும். எங்கும் ஒரேயளவாகத் தேய்ந்திருப்பின் அது உப்புத்தாளின் வேலையாயிருக்கலாம்.

இவை யாவும் தெரிந்தவர்களும் தவறுவதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வாழ்ந்த ஹொரேஸ் வால்போல் என்னும் எழுத்தாளர், ஸ்ட்ரோபெரி ஹில் என்ற தம் மாளிகைக்குக் கருங்காலிக் கதிரைகளைத் தேடித்தேடி வாங்கினார். அவை பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட தியூடர் மன்னர் காலத்து ஆங்கிலத் தளபாடங்கள் என்பது அவர் நம்பிக்கை. அவரைப் பின்பற்றி வேறு பல செல்வரும் அவ்வாறே நம்பினர். பிற்கால ஆராய்ச்சி கண்ட முடிவோ வேறு. அக்கதிரைகள் பதினேழாம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையில், ஐரோப்பிய வணிகரின் தேவைக்காக அங்குள்ள தச்சர் செதுக்கியவை. தமிழ்நாட்டுக் கரையிலும் அதன் வடபாலும் உளி பிடித்த கைகளின் வேலை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கில அரசரின் பெயரில் விலைபோயிற்று. பொருள் எங்கே, எப்போது, எவரிடமிருந்து வந்தது என்ற செய்தி அறுந்துபோனால் கற்றவரும் கதையையே விலைக்கு வாங்குவர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இச்செய்தித் தொடர்ச்சியே பழந்தளபாடத்தின் விலையிற் பெரும்பங்கு வகிக்கின்றது. இதனை இந்தியாவின் சண்டிகார் நகரத்தில் நிகழ்ந்தது தெளிவாக்கும். 1947ஆம் ஆண்டின் பிரிவினையில் இலாகூர் பாகிஸ்தானுக்குச் சேரவே, இந்தியப் பஞ்சாபிற்குப் புதிய தலைநகரம் வேண்டியதாயிற்று. அதனை அமைக்க வந்தவர் லெ கொர்பூசியே. அவருடன் பணியாற்றியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. கந்தோர்களுக்கும் நீதிமன்றத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் தேக்காலும் பிரம்பாலும் எளிய கதிரைகளை இவர்கள் வகுத்தனர். உள்ளூர்த் தச்சர் அவற்றை ஆயிரக்கணக்கிற் செய்து கொடுத்தனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் பிரம்பு அறுந்த கதிரைகள் மாடிகளிலும் முற்றங்களிலும் குவிக்கப்பட்டன. அரசாங்கம் அவற்றைக் கழிவுப் பொருள்களாக ஏலமிட்டது. 1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் நகரத்து வணிகர் சிலர் அங்கே வந்து அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, செப்பனிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவிலைக்கு விற்றனர். கழிவென்று தள்ளிய ஒரு கதிரை, அயல்நாட்டு ஏலத்தில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போயிற்று. 2011ஆம் ஆண்டிலேயே இந்திய உள்துறை அமைச்சு அத்தளபாடங்களை விற்கலாகாது என்று பணித்தது. அதற்குள் நல்லவற்றுட் பல கடல்கடந்துவிட்டன.

இங்கே கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அக்கதிரைகளின் காலிலோ முதுகிலோ எந்தத் திணைக்களத்திற்கு உரியவை என்று வர்ணத்தில் எழுதப்பட்ட எழுத்தும் இலக்கமும் இருந்தன. ஏதோ ஓர் எழுதுவினைஞர் பொருட்பதிவேட்டின் வசதிக்காக இட்ட அவ்விலக்கமே, அயல்நாட்டு ஏலத்தில் அக்கதிரை மெய்யானது என்பதற்குச் சான்றாக நின்றது. போலிகள் பெருகிய காலத்தில் அவ்வடையாளம் மேலும் பெறுமதி பெற்றது. பின்னர்ப் போலிகளிலும் போலி இலக்கங்கள் எழுதப்படலாயின. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. கால் ஆடும் மேசையும் பிரம்பு அறுந்த கதிரையும் கழிவுப் பட்டியலிற் சேர்கின்றன. பட்டியலில் ஒப்பமிடுமுன் அவற்றைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடமும் வேண்டியதில்லை. அங்குள்ள எழுத்தைச் சுரண்டி அகற்றிப் புதுவர்ணம் பூசுவது அப்பொருளின் பிறப்பத்திரத்தைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டவுடன், பழைய கதிரைகளை வாங்கிக் குவித்தாற் செல்வராகலாம் என்ற எண்ணம் எழுதல் கூடும். அவ்வெண்ணத்தை அடக்கிக்கொள்வதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

முதலாவது, பழைமை மட்டும் விலையாகாது. இங்கிலாந்தில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மகோகனி மேசைகளும் அலுமாரிகளும் நீண்டகாலம் விலையேறி வந்தன. 2000ஆம் ஆண்டை அடுத்து அவற்றின் விலை சரியத் தொடங்கிற்று. சிறு வீடுகளில் வாழும் இளந்தலைமுறையினர் பாரமான தளபாடங்களை விரும்பவில்லை. நைட் ஃபிராங்க் நிறுவனம் வெளியிட்ட ஆடம்பரப் பொருள் முதலீட்டுச் சுட்டியில், 2010களின் நடுப்பகுதியில், பழைய கார்களும் மதுவகைகளும் பெருமளவு ஏறியிருக்க, பழந்தளபாடமோ இறங்குமுகமாகவே இருந்தது. மேசைகள் மேலும் மூத்தனவேயன்றி இளமை எய்தவில்லை. ஆயினும் விலை இறங்கிற்று. அதே காலத்திற் சண்டிகார்க் கதிரையின் விலை ஏறிற்று. நாகரிகமும் விருப்பமும் எத்திசை செல்லும் என்பதை முன்னறிந்து கூறவல்லார் அரியர்.

இரண்டாவது, கதிரை வட்டி தருவதில்லை. காணி விளைச்சல் தரும். வீடு வாடகை தரும். வங்கி வைப்பு, குறைந்தோ கூடியோ, வட்டி தரும். பெட்டகம் இடத்தைப் பிடித்துக்கொண்டு கறையானையும் உளுவையும் எதிர்நோக்கி நிற்கும். கடற்காற்றும் ஈரமும் அதன் பித்தளைப் பூட்டைக் களிம்பேற்றும். அதனைப் பழுது பார்க்கவல்ல தச்சரைத் தேடிப்பிடித்தலே இன்று ஒரு செலவு.

மூன்றாவது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி பெரிது. பொன்னுக்கு அன்றாட விலை உண்டு. எந்த நகைக்கடையிலும் அதை மாற்றலாம். பெட்டகத்திற்கு அன்றாட விலை இல்லை. வணிகர் கடையில் ஒரு விலைக்கு வாங்கிய பொருளை மறுநாள் அதே கடையில் விற்கச் சென்றாற் பெரும்பாலும் அவ்விலையின் ஒரு பகுதியே கிடைக்கும். இதனோடு போலியின் அபாயமும் சேர்கின்றது. தச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற மொறட்டுவையிற் பழைய ஒல்லாந்து முறையிற் புதுக்கதிரை செய்யவல்ல கலைஞர்கள் உள்ளனர். புதிது என்று கூறி விற்பது நேர்மையான தொழில். அதே கதிரை கைமாறிக் கைமாறி, முந்நூறு ஆண்டுப் பழையது என்ற கதையுடன் வேறிடத்தில் விற்கப்படும்போதுதான் வாங்குபவர் முதலிழக்கின்றார்.

நான்காவது காரணத்தை வடமராட்சி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பகுதியிற் போர் மூண்டபோதும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறியபோதும், கையில் எடுத்துச் செல்லப்பட்டவை பிள்ளைகளும் உறுதிகளும் நகைகளுமே. பெட்டகங்கள் வீட்டோடு நின்றன. திரும்பி வந்தவர்களுட் பலர் கதவும் நிலையும் கூட இல்லாத வீடுகளையே கண்டனர். இடரிற் காவிச் செல்ல இயலாத பொருளில் வாழ்நாட் சேமிப்பை முடக்குவது அறிவுடைமையாகாது என்ற பாடத்தை இக்குடாநாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாக வைத்து, அதற்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வகுத்தது. அவற்றை அனுமதிப் பத்திரமின்றி நாட்டைவிட்டு அனுப்புதல் குற்றமாகும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம், கலாசார ஆதனங்களின் ஏற்றுமதிக்கும் அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கும் அனுமதிப் பத்திரத்தை வேண்டுகின்றது. 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, நூறாண்டுக்கு மேற்பட்ட தளபாடங்களையும் கலாசார ஆதனங்களுள் எண்ணுகின்றது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கின்றது. ஆகவே, பேரனாரின் பெட்டகத்தைக் கப்பலேற்றிக் கனடாவிலுள்ள மகனுக்கு அனுப்ப விரும்புபவர், முதலிலே தொல்பொருளியல் திணைக்களத்தை நாடுதல் வேண்டும். இலண்டனிற் கிடைக்கும் விலையை நெல்லியடியிலிருக்கும் பொருளுக்குக் கணக்கிட்டு மகிழ்வதும் பொருந்தாது. இடையிற் கடல் மட்டுமன்றிச் சட்டமும் கிடக்கின்றது.

விற்பவர் இழப்பது பணத்தளவில் நிற்பதன்று என்பதற்குச் செட்டிநாடு சான்று. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், அந்நாட்டுத் தேக்கைக் கொணர்ந்து பெருவீடுகள் எழுப்பினர். 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், பின்னர் அந்நாட்டு அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியதும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. பங்காளிகள் பலராகவே, பராமரிக்க இயலாத வீடுகள் சில கழற்றி விற்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளிலே அவ்வீடுகளின் கதவுகளும் பெட்டிகளும் பாத்திரங்களும் விலைக்கு வந்தன. தூண் உறுதியாகத்தான் இருக்கின்றது. ஆயினும் அது எந்த வீட்டின் எந்தப் பத்தியைத் தாங்கியது என்று கூறுவார் இல்லாதபோது, அது நல்ல தேக்குக் கட்டையாகவே எஞ்சுகின்றது. வீட்டிலிருக்கும்வரை பொருளுக்கும் குடும்பத்திற்கும் இடையிலிருந்த செய்தி, வாசலைத் தாண்டியதும் அறுந்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், தொடக்கத்திற் கூறிய இருவகைக் கேள்விக்கும் விடை கிடைக்கும். தேட்டமாக வாங்க எண்ணுபவர், வாங்கும் கதிரையில் அமர்வதற்கும் வாங்கும் மேசையில் எழுதுவதற்கும் என்றே வாங்குதல் வேண்டும். விலை ஏறினால் அது மிகை. ஏறாவிடினும் அமர்ந்த பயன் எஞ்சும். பிள்ளையின் படிப்புக்கும் முதுமையின் மருந்துக்கும் வைத்த பணத்தை இதில் இடுதல் கூடாது. முதுசமாகப் பெற்றவரோ வேறு நிலையில் உள்ளவர். அவர் முதலிட்டது எதுவுமில்லை. ஆதலின் விலை இறங்கினாலும் அவருக்கு நட்டமில்லை. அறியாமல் விற்பதே அவருக்கு நேரக்கூடிய நட்டம்.

அவர் செய்யவேண்டியவை எளியன. பெட்டகத்தை ஒளியிற் புகைப்படம் எடுத்து வைக்கலாம். அது எவர் காலத்தில், எந்த மரத்தில், எந்த ஊர்த் தச்சராற் செய்யப்பட்டது, எந்தத் திருமணத்தோடு வீட்டிற்கு வந்தது என்பவற்றை, அறிந்த முதியோர் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி, பெட்டகத்தினுள்ளேயே வைக்கலாம். பழைய மெருகைச் சுரண்டிப் புதுமெருகு பூசுவதைத் தவிர்த்தல் வேண்டும். மெல்லிய துணியால் துடைத்தலே போதும். பெட்டகத்தின் அடி ஈரநிலத்தைத் தொடாதபடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தாற் கறையான் ஏறுவது கண்ணிற் படும். விற்றே ஆகவேண்டிய வறுமையோ இடநெருக்கடியோ நேரின் விற்பதிற் குற்றமில்லை. ஆனால் லொறி வந்த நாளிலேயே விற்கலாகாது. அறிந்தவர் இருவரிடமாவது காட்டி, விலை கேட்டு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடும் கலந்து பேசியபின் முடிவு செய்தல் தகும்.

அடுத்தமுறை படலையடியில் லொறி வந்து நிற்கும்போது, நெல்லியடி வீட்டு முதியவர், "கொஞ்சம் பொறும் தம்பி, பிள்ளையளோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று விடைகொடுத்து அனுப்பலாம். அன்று மாலையே பேரப்பிள்ளையொன்று தொலைபேசியில், "அப்பு, அந்தப் பெட்டகம் ஆற்றை?" என்று கேட்டால், கொப்பியைத் திறந்து வாசித்துக் காட்டவும் அவரால் இயலும்.